எடையும் ஆவியும்: ஒரு பொது நீச்சல் மையம் எப்படி வடிவமைக்கப்படுகிறது?

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 2,500 கன மீட்டர் தண்ணீர் நிற்கும். எடையில் சொன்னால் 2,500 டன். அதைக் கசியாமல் தாங்க வேண்டும். மேலே நடுவில் தூணே இல்லாத பெரிய கூரை போட வேண்டும். தண்ணீரை ஆண்டு முழுக்க 28 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். உள்ளரங்க நீச்சல் மையத்தை வடிவமைப்பவர்களின் வேலை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

முதல் இரண்டும் கட்டுமானப் பொறியாளர் பாடு, மூன்றாவது மின்சாரமும் காற்றோட்டமும் பார்ப்பவர் பாடு என்று பிரித்துவிடத் தோன்றும். பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ அப்படிப் பிரித்தால் பெரிய நஷ்டமில்லை. நீச்சல் மையத்தில் பிரித்தால் கட்டடமும் சீக்கிரம் கெடும், மின்கட்டணமும் ஏறும். குளத்திலிருந்து இரவு பகலாக எழும் நீராவிதான் காரணம். கூரையின் எஃகை அரிப்பதும் அதுதான், வெப்பத்தைக் கொண்டுபோவதும் அதுதான்.

முதலில் தொட்டி

2,500 டன் என்றதும் மலைப்பு வரும். ஆனால் இது பொறியாளருக்கு எளிய கணக்கு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் ஒரு டன் சுமையை ஏற்றும். 2 மீட்டர் ஆழத்துக்கு 2 டன். அலுவலகத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். குளம் அதைப்போல ஏழெட்டு மடங்கு கனம். பெரிய குளங்கள் பெரும்பாலும் மாடியில் இல்லாமல் நேராக நிலத்திலேயே அமர்வது இதனால்தான்.

பக்கச் சுவரில் தண்ணீர் தரும் அழுத்தம் மேல்மட்டத்தில் பூஜ்யம். கீழே போகப் போகச் சீராகக் கூடும். 2 மீட்டர் ஆழத்தில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மொத்தம் 2 டன் விசை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. குளம் 10 மீட்டர் நீளமா 50 மீட்டர் நீளமா என்பதைப் பொறுத்து இது மாறாது. ஆழம் ஒன்றைத்தான் பொறுத்தது. ஆழம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 5 மீட்டர் ஆழமுள்ள டைவிங் குளத்தில் அதே ஒரு மீட்டர் நீளச் சுவரைப் பன்னிரண்டரை டன் தள்ளும்.

பலர் நினைத்துப் பார்க்காத ஆபத்து குளம் காலியாக இருக்கும்போது வருகிறது. சுற்றிலும் நிலத்தடி நீர், தொட்டியின் அடித்தளத்துக்கு 2 மீட்டர் மேல்வரை ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் 2 டன் விசையோடு மேல்நோக்கித் தூக்கும். 30 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு முக்கால் டன்தான். சுவர்களின் எடையைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு டன்னுக்கு மேல் பற்றாக்குறை. குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீர் தொட்டியை அமுக்கிப் பிடிக்கிறது. பராமரிப்புக்காக அதை இறைத்துவிட்டால், தொட்டி ஒரு படகைப்போல மிதக்கப் பார்க்கும். தளம் புடைத்து விரிசல் விடும். இதைத் தடுக்க அடித்தளத்தைக் கனமாக்கலாம், தரைக்குள் நங்கூரம் இறக்கலாம், சுற்றிலும் வடிகால் வைத்து நிலத்தடி நீரின் மட்டத்தைக் குறைக்கலாம், உள்ளே அழுத்தம் குறைந்தால் தானே திறந்து நிலத்தடி நீரைத் தொட்டிக்குள் விடும் வால்வு பொருத்தலாம். எதைச் செய்தாலும் சரி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் குளத்தைக் காலி செய்யக்கூடாது.

கசிவைப் பொறுத்தவரை, கான்கிரீட்டில் விரிசலே வராது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. விரிசலின் அகலத்தை 0.2 மில்லிமீட்டர் அளவுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். அதற்கு ஒரே அளவு கம்பியைத் தடிமனாகச் சிலவாக வைப்பதைவிட, மெல்லியதாகப் பலவாக நெருக்கி வைப்பது நல்லது. பெரிய விரிசல் ஒன்று வருவதற்குப் பதில் மயிரிழை விரிசல்கள் பல வரும், தண்ணீர் அவற்றைக் கடக்காது. இரண்டு நாள் வெவ்வேறாகக் கொட்டிய கான்கிரீட் சேரும் இடத்தில்தான் கசிவு அதிகம். அங்கே நடுவில் ரப்பர் அல்லது பிவிசி பட்டை புதைக்கப்படும்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தொட்டியை நிரப்பிச் சோதிப்பார்கள். கான்கிரீட் முதலில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் சில நாள் விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, அதையும் குளத்துக்குள்ளேயே நிற்க வைத்து, இரண்டு மட்டங்களையும் குறித்துக்கொள்வார்கள். வாளியில் குறைவது ஆவியான தண்ணீர் மட்டும். குளத்தில் அதைவிட அதிகம் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. எத்தனை கோடி செலவில் கட்டிய குளத்துக்கும் இந்த வாளிச் சோதனையை விட எளிய, நம்பகமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். சர்வதேசப் பந்தயக் குளம் 50 மீட்டரைவிடச் சற்றே கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக்கூடாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983 எடுத்தார்கள்; தங்கம் லார்சனுக்குப் போனது. அந்த 0.002 நொடியில் அவர்கள் நீந்தும் தூரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். எந்தக் கொத்தனாரும் ஒவ்வொரு பாதையையும் அவ்வளவு துல்லியமாகக் கட்டித்தர முடியாது. பின்னர் விதி மாறியது. இப்போது நூறில் ஒரு நொடி வரைதான் கணக்கு, அதில் சமமென்றால் சமம்தான்.

கூரை

குளத்தின் நடுவில் தூண் நிறுத்த முடியாது, பார்வையாளருக்கும் மறைக்கக்கூடாது. எனவே கூரை ஒரே தாவில் நெடுந்தூரம் கடக்க வேண்டும். ஜஹா ஹதீத் வடிவமைத்த லண்டன் அக்வாட்டிக்ஸ் சென்டரின் கூரை சுமார் 160 மீட்டர் நீளம். 3,000 டன்னுக்கு மேற்பட்ட எஃகு கொண்ட அந்தக் கூரை மூன்றே இடங்களில்தான் கீழே ஊன்றி நிற்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் நெடுந்தாவுக் கூரைகள் உலகில் எத்தனையோ உண்டு. நீச்சல் மையக் கூரையைத் தனியாகப் பேசவைப்பது அதன் நீளம் இல்லை, அது எந்தக் காற்றில் நிற்கிறது என்பதுதான்.

குளத்தின் மேலுள்ள காற்று சுமார் 30 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் கொண்டது. இந்தக் காற்று 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே தண்ணீராகப் படியும். வெறும் தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. குளத்தில் போடும் குளோரின், குளிப்பவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின்களாக மாறுகிறது; ‘குளோரின் வாடை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றின் வாடைதான். இவை காற்றோடு மேலே போய் அந்த ஈரத்தில் கரைகின்றன. எஃகுக் கட்டுமானங்களுக்கான சர்வதேசத் தரநிலை, நீச்சல் குளத்தின் உட்புறத்தை ரசாயனத் தொழிற்சாலையின் உட்புறத்தோடு ஒரே அரிமான வகுப்பில் வைத்திருக்கிறது.

இதன் விளைவை உலகம் கற்றுக்கொண்ட இடம் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர். 1972-ல் கட்டிய உள்ளரங்கக் குளம் அது. அதன் கான்கிரீட் உட்கூரை, மேலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்தது. 1985 மே 9 அன்று அந்த உட்கூரை குளத்தின் மேல் விழுந்து 12 பேர் இறந்தார்கள். துருப்பிடிக்காது என்று நம்பித்தான் அந்த எஃகைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். உட்கூரைக்கு மேலே, யாரும் போகாத இடத்தில், கம்பியில் ஈரம் படிகிறது, பிறகு காய்கிறது. தண்ணீர் போகிறது, அதிலிருந்த குளோரைடு தங்குகிறது. மறுபடி ஈரம், மறுபடி காய்ச்சல். ஆண்டுக்கணக்கில் அடர்த்தி ஏறுகிறது. அது படலத்தை ஓரிடத்தில் துளைக்கிறது. கம்பியோ கான்கிரீட்டைச் சுமந்து எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. அந்த இழுவை துளையை விரிசலாக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. வெளியே கம்பி மெலியவில்லை, பெரிதாகத் துரு கொட்டவில்லை. பார்ப்பவருக்கு நல்ல கம்பி. உள்ளே பாதி அறுந்த கம்பி. தகைவு அரிமான விரிசல் என்று இதைச் சொல்வார்கள். குளத்தின் ஓரத்தில் ஏணியும் கைப்பிடியும் அதே எஃகில்தான் செய்யப்படுகின்றன, அவை நன்றாக இருக்கின்றன. அவற்றின் மேல் தண்ணீர் தெறித்து, துடைத்து, கழுவிக்கொண்டே இருப்பதால் குளோரைடு சேர வழியில்லை. கழுவாத, கண்ணுக்கு எட்டாத இடம்தான் கொல்லும் இடம்.

ஊஸ்டருக்குப் பிறகு, குளத்துக்கு மேலே சுமை தாங்கும் பாகங்களுக்குச் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது என்று ஆனது. மாலிப்டினம் அதிகமுள்ள சில உயர்வகைகளை மட்டும் அனுமதிக்கிறார்கள். அல்லது சாதாரண எஃகுக்கு நல்ல பூச்சுக் கொடுத்து, அடிக்கடி பார்க்கிறார்கள். சாதாரண எஃகு துருப்பிடித்தால் சொல்லிவிட்டுத்தான் கெடும் என்பது அதன் நல்ல குணம். வடிவமைக்கும்போதே உட்கூரைக்குள் மனிதர் நுழைந்து ஒவ்வொரு தொங்கலையும் தொட்டுப் பார்க்க வழி வைக்க வேண்டும். இன்னும் நல்லது, உட்கூரையே வேண்டாம் என்று விட்டு எல்லாவற்றையும் வெளியே தெரியும்படி வைப்பது.

மரம் இன்னொரு வழி. பலகைகளை ஒட்டிச் செய்யும் பெரிய உத்தரங்களுக்குக் குளோரின் பெரிய பகையில்லை. ஆனால் பசை சரியாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் பாட் ரைக்கன்ஹால் ஊரின் பனிச்சறுக்கு அரங்கில் 2006 ஜனவரி 2 அன்று மரக்கூரை பனிச்சுமையோடு இடிந்து 15 பேர் இறந்ததற்கு, ஈரத்தைத் தாங்காத யூரியா பசையும் ஒரு முக்கியக் காரணம்.

பெய்ஜிங்கின் ஒலிம்பிக் நீச்சல் மையமான வாட்டர் கியூப் (2008) வேறு விதமாக யோசித்தது. அதன் சுவரும் கூரையும் இ.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் படலத்தால் ஆன, காற்றடைத்த மெத்தைகள். உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை. எஃகுச் சட்டகம் அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. குளத்தின் காற்று அதை நேரடியாகத் தொடுவதில்லை. அதே இடைவெளி வெயிலையும் பிடித்துக் கட்டடத்துக்குச் சூடு தருகிறது. கட்டுமானத்துக்குச் செய்ததே வெப்பத்துக்கும் உதவியது. நான் மிகவும் மதிக்கும் தீர்வு இது.

வெப்பம் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டர், குளத்தின் வெப்பநிலையில் ஆவியாக 2,400 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். இதற்குப் பெயர் உள்ளுறை வெப்பம். மின்சாரத்தில் சொன்னால் சுமார் 0.68 யூனிட். அந்த வெப்பத்தைத் தண்ணீர் வேறெங்கிருந்தும் வாங்குவதில்லை, குளத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது.

ஆட்கள் நீந்துவதையும் இரவில் ஓய்ந்திருப்பதையும் சராசரியாக வைத்து, சதுர மீட்டருக்கு மணிக்கு 150 கிராம் ஆவியாகிறது என்று கொள்வோம். நமது 1,250 சதுர மீட்டர் குளத்தில் ஒரு நாளைக்கு 4,500 லிட்டர். அது கொண்டுபோகும் வெப்பம் 3,000 யூனிட்டுக்குச் சமம். இப்போது இன்னொரு கணக்கு: 2,500 டன் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வேண்டும்? ஏறக்குறைய 2,900 யூனிட். அதாவது வெறும் ஆவியாதல் மட்டுமே அந்த மாபெரும் குளத்தை நாளுக்கு ஒரு டிகிரி குளிரவைக்கும். நாள்தோறும் அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளரங்கக் குளத்தின் வெப்ப இழப்பில் ஆவியாதல் 70 சதவீதம், காற்றோட்டம் 27 சதவீதம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. தரைவழியும் சுவர்வழியும் போவது மிச்சமுள்ள சொற்பம்.

அந்தக் காற்றோட்ட இழப்பும் ஆவியாதலின் பிள்ளைதான். காற்றில் சேர்ந்த ஈரத்தை வெளியேற்றப் பழைய கட்டடங்கள் எளிய வழியைப் பிடித்தன: சூடான ஈரக்காற்றை வெளியே தள்ளு, வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்துச் சூடாக்கு. ஒரே ஈரத்துக்கு இரண்டு முறை செலவு.

செலவைக் குறைக்க அரங்கக் காற்றின் வெப்பத்தைக் கொஞ்சம் தணித்தால் என்ன என்று நிர்வாகிகளுக்குத் தோன்றுவது இயல்பு. நீச்சல் மையத்தில் இது எதிராகத் திரும்பும். 28 டிகிரித் தண்ணீரின் மேல் 30 டிகிரிக் காற்று இருந்தால் ஓர் அளவு ஆவியாகும்; அதே ஈரப்பத சதவீதத்தில் காற்றை 25 டிகிரியாக்கினால், ஆவியாதல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். குளிர்ந்த காற்றில் இருக்கும் நீராவி குறைவு, அதனால் தண்ணீரிலிருந்து இன்னும் வேகமாக இழுக்கும். தண்ணீரை விட்டு வெளியே வருபவர்களும் நடுங்குவார்கள். காற்று எப்போதும் தண்ணீரைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் இதனால் வந்ததே.

மாறாக, காற்றின் ஈரப்பதத்தை ஏற்றினால் ஆவியாதல் குறையும். 50 சதவீதத்திலிருந்து 60-க்குப் போனாலே சுமார் கால் பங்கு மிச்சம். அப்படியானால் இன்னும் ஏற்றலாமே என்றால், அங்கேதான் கட்டடம் தடுக்கிறது. வெளியே 0 டிகிரி குளிர் என்று கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் உட்பக்கம் 8 டிகிரி அளவில் இருக்கும், தண்ணீர் வழியும். பழைய வகை இரட்டைக் கண்ணாடியில் 19. அங்கேயும் ஈரம் படியும். நல்ல மூவடுக்குக் கண்ணாடியில் 27 டிகிரி; உலர்ந்தே இருக்கும். கண்ணாடியும் சுவரும் கூரை மூலைகளும் வெதுவெதுப்பாக இருந்தால்தான் காற்றை ஈரமாக வைத்திருக்க முடியும். ஈரமாக வைத்திருந்தால்தான் ஆவியாதல் குறையும். வெப்பக்காப்பு, சுவர்வழியாகப் போகும் சொற்ப வெப்பத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்று நினைத்தால் அதன் பெரிய பயனைத் தவறவிடுவோம்.

2011-ல் ஜெர்மனியின் லூனன், பாம்பெர்க் ஊர்களில் திறக்கப்பட்ட நீச்சல் மையங்கள், மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடங்களுக்கான ‘பாசிவ் ஹவுஸ்’ தரத்தில் கட்டிய முதல் குளங்கள். இந்த உத்தியைத்தான் பயன்படுத்தின. இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் 2022-ல் திறந்த செயின்ட் சிட்வெல்ஸ் பாயிண்ட் அதே வழியில் வந்தது.

ஈரக்காற்றை அனுமதித்தால் சுவருக்குள் அது நுழையாமல் பார்ப்பது இன்னும் முக்கியமாகிறது. நீராவித் தடுப்புப் படலம் வெப்பக்காப்பின் உட்பக்கத்தில், இடைவெளியே இல்லாமல் ஓட வேண்டும். ஒயருக்காக யாரோ போட்ட ஓட்டை ஒன்று போதும். அதன் வழியே போகும் காற்று சுவரின் குளிர்ந்த பகுதியில் தண்ணீராகி, ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். அரங்கத்துக்குள் அனுப்பும் காற்றைவிட வெளியேற்றும் காற்றைச் சற்று அதிகமாக வைப்பதும் வழக்கம். அப்போது ஓட்டை இருந்தாலும் காற்று உள்நோக்கியே வரும்.

மீதி ஈரத்தை ஹீட் பம்ப் (ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்துக்குத் தரும் கருவி) எடுத்துக்கொள்ளும். ஈரக்காற்றைக் குளிர்ந்த சுருளின் மேல் ஓட்டி நீராவியைத் தண்ணீராக்கும்போது, குளத்திலிருந்து போன உள்ளுறை வெப்பம் திரும்பக் கிடைக்கிறது. அதைக் குளத்துக்கே அனுப்புகிறார்கள். குளத்துக்கு வேண்டியது 28 டிகிரிதான் என்பதால், வேறெங்கும் உதவாத மிதமான கழிவு வெப்பமும் இங்கே உதவும். 2024 ஒலிம்பிக்குக்காக பாரிஸை அடுத்த செயின்ட் டெனிஸில் கட்டிய நீர் விளையாட்டு மையத்துக்கு, அருகிலிருக்கும் தரவு மையத்தின் வெப்பம் வருகிறது. அந்த மையத்தின் மரக்கூரை நடுவில் தொய்ந்து தொங்கும் வடிவம். கூரை தாழ்வதால் உள்ளே சூடாக்க வேண்டிய காற்றின் அளவும் குறைகிறது. மேற்பரப்பில் சூரியத் தகடுகள்.

பம்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் ஓட்டத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மோட்டார் எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும். மின்திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதே காரணம். கூட்டமில்லாத நேரத்தில், தண்ணீரின் தூய்மை அனுமதிக்கும் அளவுக்கு வேகத்தைக் குறைக்கும் கருவி சீக்கிரமே தன் விலையை மீட்டுவிடும். பகல் வெளிச்சம் நல்லதுதான், ஆனால் நேர்வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசினால் அடியில் மூழ்கியவரை உயிர்க்காவலர் பார்க்க முடியாது. எனவே ஜன்னல் எந்தத் திசை என்பது உயிர் சம்பந்தப்பட்ட முடிவு.

எல்லாவற்றிலும் மலிவானது குளத்தின் மேல் இழுத்து மூடும் விரிப்பு. பயன்படாத நேரத்தில் குளத்தை மூடிவைத்தால் சூடாக்கும் செலவில் 50 முதல் 70 சதவீதம் மிச்சமாகலாம் என்பது அதே அமெரிக்கத் துறையின் கணக்கு. மூடியிருக்கும் இரவில் காற்றோட்டத்தையும் குறைத்துவிடலாம். கூரையின் எஃகுக்கும் அத்தனை மணிநேரம் ஓய்வு. ஆனால் விரிப்பைச் சுருட்டிவைக்க இடம் வேண்டும். கட்டி முடித்தபின் வாங்கினால் உருளை நடைதளத்தில் நின்று வழியை மறிக்கும். இழுக்க ஆள் வேண்டும். கொஞ்ச நாளில் யாரும் தொடமாட்டார்கள். அது தொட்டியின் முனைச்சுவருக்குள்ளேயே மறைந்து, பொத்தானை அழுத்தினால் தானே விரிய வேண்டுமானால், அதற்கான பள்ளத்தைத் தொட்டியின் கம்பி வரைபடத்திலேயே போட்டிருக்க வேண்டும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டரும் குறையாமல் அந்தப் பள்ளத்துக்கும் இடம் ஒதுக்க, கட்டுமானப் பொறியாளரும் வெப்பக் கணக்குப் போடுபவரும் கான்கிரீட் கொட்டுவதற்குப் பல மாதங்கள் முன்பே ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.